மச்சான் அறுத்த வயிறு

"இரைப்பையை ரெண்டாவது தடவை வெட்ட நல்ல டாக்டர் யாரு? எனக்காகக் கேக்கலை. ஒரு நண்பனுக்காக," என்றான் தாரி.

ஆண்கள் கூடிப் பேசும் திவானியாவில் சுவரோரம் சாய்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் வயிற்றைப் பார்த்தார்கள்.

"அந்த நண்பன் உன் திஷ்தாஷா அங்கியைத்தான் மாட்டிட்டுத் திரியறானா?" என்று கேட்டான் ஃபுஹைத்.

குவைத்தில் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிக்கொள்வது வெட்கப்படும் விஷயமே இல்லை. மீசை மழிப்பது மாதிரி. வெட்டிய பிறகும் பெருத்துப்போய் இரண்டாவது தடவை படுப்பதுதான் வெட்கம். தாரிக்கு மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. குனிந்தால் நெஞ்சு எரிந்தது. "இப்படியே போனா உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க இருக்க மாட்டீங்க," என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பெண் இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

"ரெண்டாவது தடவைங்கிறது முதல் தடவை மாதிரி இல்லைடா," என்றான் ஃபுஹைத் ஆறுதலாக. "உள்ளே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும். கை தெரியாதவன் பண்ணினா கசிஞ்சே செத்துருவ."

உடனே ஆளுக்கொரு டாக்டரைத் தேர்தலில் நிறுத்தினார்கள்.

"என் ஆள்கிட்ட போனவன் எவனும் செத்ததில்லை."

"உங்க சித்தப்பா?"

"அவர் பயத்துல செத்தார். அது ஆபரேஷனுக்கு முந்தின நாள். கணக்குல வராது."

பெரியவர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "முதல்ல பண்ணினது யாரு, பர்ராக்தானே? அவனுக்குத் தெரியுமா நீ வேற ஆளைத் தேடறது?"

டாக்டர் பர்ராக், தாரியின் மனைவி ஹிஸ்ஸாவின் அண்ணன். கல்யாணப் பரிசாக அந்த ஆபரேஷனைச் செய்துவைத்தவர். "என் புருஷனுக்கு ஏதாவது ஆச்சு, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்று புதுப்பெண் ஹிஸ்ஸா ஆபரேஷன் அறை வாசலில் அண்ணனை வாழ்த்தி அனுப்பினாள். அதன்பின் பர்ராக் பல மாதம் தாரியை வெறும் சூப்பில் நிறுத்தினார். ஒரு வாய் சோறு கூடப் போனாலும் உள்தையல் தெறித்துவிடும் என்று மிரட்டினார். தாரி மூங்கிலானான். பர்ராக்கின் கிளினிக் கண்ணாடிக் கதவில் ஆளுயரப் படம் வந்தது: இடது பக்கம் குண்டுத் தாரி, வலது பக்கம் ஒல்லித் தாரி. இப்போது இடது பக்கத்துத் தாரி வலது பக்கத்துத் தாரியை விழுங்கிவிட்டு ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தான்.

திவானியாவில் சொன்ன செய்தி, சொன்னவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். ஹிஸ்ஸா வாசலிலேயே நின்றாள்.

"எங்கண்ணன் கையில என்ன குறை கண்ட?"

குறை இல்லை என்று காட்ட, தாரி நேரே பர்ராக்கிடமே போனான்.

"நானே பண்றேன் மச்சான். வேற எவன்கிட்டயும் போகாதே," என்றார் பர்ராக். "ரமலான் போகட்டும்."

ரமலான் போனது. பெருநாள் போகட்டும் என்றார். அதுவும் போனது.

"வெயில் போகட்டும் மச்சான்."

"வெயிலுக்கும் என் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

"தையல் ஆறாது."

"ஆபரேஷன் ரூம்ல ஏசி இல்லையா?"

பர்ராக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி இருந்தது.

தாரி யாருக்கும் தெரியாமல் ஜஹ்ராவுக்குப் போனான். அங்கே டாக்டர் நாதிர் என்பவர் கைராசிக்காரர் என்று கேள்வி.

"முதல் ஆபரேஷன் எங்கே பண்ணீங்க?"

"வெளிநாட்டுல, அம்மான் நகரத்துல," என்றான் தாரி.

"அட, நான் அங்கதான் படிச்சேன். யாரு பண்ணினது?"

"பேர் மறந்துபோச்சு."

"வயித்தைத் திறந்தவர் பேரையா?" டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கேயோ பாத்திருக்கேன். கொஞ்சம் பக்கவாட்டில திரும்புங்க."

தாரி திரும்பினான்.

"பர்ராக்கோட கதவு!" என்றார் டாக்டர்.

தொழில் மரியாதை தெரிந்தவர். அங்கேயே பர்ராக்குக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்று மாலை பர்ராக் ஒரு முழு ஆட்டை வறுத்துச் சோற்றின் மேல் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். கூடவே தன் மனைவி முனீராவையும் அழைத்து வந்திருந்தார். எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தொடையிறைச்சியைப் பிய்த்துத் தாரி முன்னால் வைத்தார் பர்ராக். அவன் கை நீட்டிய நேரம் பார்த்துச் சத்தியம் செய்தார்.

"இந்த வயித்துல வேற எவன் கத்தி பட்டாலும் என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. விருந்தாளியைச் சாப்பிடவைக்கத் தலாக் சத்தியம் செய்பவர்கள் உண்டு. மச்சானின் இரைப்பைக்காகச் செய்தவர் பர்ராக் ஒருவர்தான்.

முனீரா மட்டும் நிதானமாக ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "தாரி, ஆபரேஷன் என்னிக்கு? தேதி சொன்னா நான் பெட்டி கட்ட வசதியா இருக்கும்."

ஹிஸ்ஸா அழ ஆரம்பித்தாள். "எங்கண்ணன் குடும்பமே உன் வயித்துல தொங்குது, தெரியுதா?"

தாரிக்கு இறைச்சி இறங்கவில்லை. அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வேறு ஆளிடம் ஆபரேஷன் செய்தால் பர்ராக்கின் குடும்பம் போகும். செய்யாவிட்டால் அவனே போய்விடுவான். மறுநாள் ஃபத்வா கேட்கும் எண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

மறுமுனையில் இருந்த மனிதர் பெருமூச்சு விட்டார். "முதல்ல அந்த டாக்டரை நாக்கை அடக்கச் சொல்லுங்க. கத்தின்னுதானே சத்தியம் பண்ணினார்? அதைப் பத்தி அவரே நேர்ல வந்து பேசட்டும். ஆபரேஷன் தேவையான்னு நீங்க மொதல்ல பாருங்க. மருந்தைக் குடிச்சுப் படம் எடுக்கிறதுக்குக் கத்தி எதுக்கு?"

தாரிக்கு உயிர் வந்தது. நாதிர் டாக்டரின் எக்ஸ்ரே அறைக்கு விரைந்தான். வாசலில் நுழையும்போதே பர்ராக்கின் போன். ஃபத்வா போனை ஒட்டுக்கேட்ட ஹிஸ்ஸா சொல்லியிருக்க வேண்டும்.

"மச்சான், படமும் வேண்டாம்! படமும் சத்தியத்துல சேரும்!"

"கத்தின்னுதானே சொன்னீங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமையே நான் பண்றேன். வெயில் கிடக்கட்டும். திரும்பி வந்துடு, மச்சான்!" பர்ராக் அழாத குறையாகக் கெஞ்சினார்.

தாரிக்குக் கண் கலங்கிவிட்டது. செய்த வேலை மேல் ஒரு மனிதனுக்கு இத்தனை ரோஷமா? ஞாயிற்றுக்கிழமை அவர் கையிலேயே படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் அதற்குள் எக்ஸ்ரே எடுக்கும் எகிப்தியப் பெண் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்துவிட்டாள்.

திரையைப் பார்த்தாள். அவனைத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அவன் வயிற்றில் இருந்த பழைய தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஐயா, தையல் எல்லாம் தோலோட சரி," என்றாள். "உள்ளே வயிறு பிறந்தப்ப இருந்த மாதிரியே முழுசா இருக்கு, இதை இதுவரைக்கும் எவனும் தொட்டதே இல்லையே!"