வாசல் மேல் எட்டுக் கண்ணாடி

சரித்திர வாத்தியார் ஒட்டடைக் கோலும் கையுமாக நாற்காலி மேலேயே நின்றுவிட்டார். வாசற்கதவுக்கு மேலே விரித்த விசிறி போல் பதித்திருந்த எட்டு வண்ணக் கண்ணாடிகளில், சிவப்பு மட்டும் தரையில் தூள் தூளாகக் கிடந்தது.

"எதுடா உடைஞ்சுது?" என்று கேட்டபடி அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, உள்ளேயிருந்து வந்தாள்.

"சிவப்பு, அத்தை."

"ஐயையோ! போயும் போயும் அதையா உடைச்ச?"

பழைய கட்டடங்களுக்குப் பாரம்பரியச் சான்று தரும் அதிகாரி மதியம் வருகிறார். அவருக்காகத்தான் இந்த ஒட்டடை அடிக்கும் வேலையே. கொள்ளுத் தாத்தா கட்டிய நூற்றிருபது வருஷத்து வீடு. சான்று இல்லையென்றால், சாலையை அகலமாக்குகிறோம் என்று முன்கூடத்தை இடித்துவிடுவார்கள். விண்ணப்பத்தில் 'எட்டுக் கண்ணாடிகளும் அசல்' என்று எழுதி, இரண்டு கோடும் போட்டவர் நம் வாத்தியார்தான்.

கடைக்கு ஓடி ஒரு சாதாக் கண்ணாடியை வெட்டி வாங்கி வந்து, மனைவியின் நகப்பூச்சை இரண்டு புட்டி காலி செய்து பூசி மாட்டினார். பார்க்க என்னவோ சிவப்பாகத்தான் இருந்தது. வாடைதான் வீட்டையே தூக்கியது.

வந்த அதிகாரி அம்மாள் மரப்படியின் கைப்பிடியைத் தடவினார். சுண்ணாம்புச் சுவரைத் தட்டினார். வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"என்ன சார் இது வாசனை?"

"அது... அந்தச் சிவப்புக் கண்ணாடி மேடம். வெயில் பட்டா வரும். அந்தக் காலத்துல பூச்சாறு கலந்து காய்ச்சுவாங்க."

இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்ட வாய் அது. சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "வாசனைக் கண்ணாடியா! எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல மேடம். குடும்பத்துல வாய்வழியா..."

"அப்போ பாடப் புத்தகத்துலயே சேர்க்கச் சொல்றேன். உங்க பேரைப் போட்டே. ஒரு ஏணி கொண்டாங்க, கிட்டப் போய்ப் பாக்கணும்."

"ஏணி உடைஞ்சிருக்கு மேடம்."

"எங்கடா உடைஞ்சிருக்கு? பின்னால நல்லாத்தானே நிக்குது!" என்றாள் அத்தை.

அதிகாரி ஏறினார். தொட்டார். விரல் சிவந்து திரும்பியது.

வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். காலையில நான்தான் உடைச்சேன். பூச்சாறெல்லாம் பொய். அது நகப்பூச்சு. பாடம் சொல்லிக் கொடுக்கிற நானே இப்படிப் பண்ணிட்டேன்." அதற்கு மேல் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி இறங்கி, விரலைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க சார். நீங்களா ஒத்துக்கிட்டீங்க. மத்த ஏழு கண்ணாடியும் அசல்தானே? அதுக்கே சான்று கொடுக்கலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அத்தை முன்னால் வந்தாள்.

"நீயே உண்மையைச் சொன்னப்புறம் நான் எப்படிடா மறைக்கிறது? சின்ன வயசுல நானும் உங்கப்பாவும் பந்து விளையாடி, அந்த ஏழு கண்ணாடியையும் ஒவ்வொண்ணா உடைச்சு, கடையில வாங்கி மாட்டிட்டோம். எங்க பந்துக்குத் தப்பிச்சது அந்தச் சிவப்பு ஒண்ணுதான்!"