ஒசாக்காவில் எங்கள் பாரம்பரிய உடை

ஒரு நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனோடு பயணம் போவதில் பெரிய ஆபத்து இல்லை. அவன் நாலு பேரைக் கேட்டு, பயந்து பயந்து நடந்துகொள்வான். அந்த நாட்டைப் பற்றி யூடியூபில் வீடியோ பார்த்தவனோடு போகும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்த புதிது. அம்மா, அப்பா, தங்கச்சி தர்சி மூவரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். எங்கே போகலாம் என்று அப்பாவைக் கேட்டேன்.

"எங்கயெண்டாலும் பரவாயில்லை தம்பி. ஆரின்ர வீட்டிலயும் தங்க வேண்டாம். ஹோட்டலில தங்குவம்" என்றார்.

காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் அப்பா சுவிசில் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் ஹோட்டலாக வேலை செய்தவர். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு இன்னொன்று. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி மெல்ல அடுப்படிக்கு நகர்ந்தார். நாங்கள் சூரிச்சின் ஓர்லிகோனில் குடியேறிய பிறகும் அதே தொழில்தான். ஆனால் ஒருநாளாவது அவர் ஹோட்டலில் விருந்தாளியாகப் படுத்து எழும்பியதில்லை. எங்கள் விடுமுறைகள் எல்லாம் பாரிசில் பெரியப்பா வீட்டு மெத்தையிலும் லண்டனில் மாமி வீட்டுச் சோபாவிலுமே கழிந்தன.

நான் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தேன். ஒசாக்காவில் நம்பா என்றொரு நெரிசலான கடைப்பகுதி. (இடத்தின் பெயரைப் பார்த்தாவது அண்ணாவை நம்பாமல் இருந்திருக்கலாம் என்று தர்சி பிறகு சொன்னாள்.) ஹோட்டல் நடுத்தரமானது. சூட்கேஸைத் திறந்து வைத்தால் அறைக்கதவைத் திறக்க முடியாது. அப்பாவுக்கு அதெல்லாம் குறையாகவே படவில்லை. கட்டில் விரிப்பின் மடிப்பைத் தடவிப் பார்த்தார். குளியலறைத் துவாய்களை எட்டிப் பார்த்தார். "வடிவாச் செய்திருக்கிறாங்கள்" என்றார், தானே செய்ததுபோல ஒரு திருப்தியோடு.

ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் உடுப்பு மடித்து வைத்திருந்தது. சாம்பல் நிறம். கழுத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஒரே சட்டை, முன்பக்கம் முழுக்கப் பொத்தான். இரவில் போட்டுக்கொண்டு படுப்பதற்கு.

அடுத்த நாள் காலை நானும் தர்சியும் எங்கள் அறையிலிருந்து அம்மா அப்பாவின் அறைக்குப் போனோம். அப்பா வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டு, கறுப்புக் காற்சட்டை, பெல்ட், பளபளக்கும் சப்பாத்து என்று கட்டில் விளிம்பில் ஆயத்தமாக இருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும் விருந்தாளிகளை எத்தனை வருடம் அவர் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார். இன்று அவருடைய முறை.

நான் சாம்பல் சட்டையில் நின்றேன்.

"என்ன தம்பி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"வெளிக்கிட்டிட்டன். நீங்கள்தான் மாத்த வேணும் அப்பா. ஜப்பானில அவை தாற உடுப்போடதான் சாப்பிடப் போறது. எங்கட உடுப்போட போனால் அவைக்கு அது மரியாதைக் குறைவு."

"இதோடயோ?"

"ஓம். நான் வீடியோவில பாத்தனான்."

பார்த்தது உண்மைதான். ஆனால் அந்த வீடியோ மலையடிவாரத்தில் உள்ள வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றைப் பற்றியது. அங்கே கொடுப்பது கிமோனோ போன்ற அழகான அங்கி. நகர ஹோட்டல்களுக்கு இது பொருந்தாது என்று வீடியோக்காரர் கடைசியில் சொல்கிறார். (நான் கடைசிவரை பார்ப்பவன் அல்ல.)

"எனக்கெண்டால் இது நைட்டி மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம், "இஞ்சருங்கோ, பெடியன் படிச்சவன், விசாரிச்சுத்தான் சொல்லுவான். மாத்துங்கோ" என்றார்.

அப்பா வெள்ளைச் சட்டையையும் காற்சட்டையையும் கழற்றி, சுருங்காமல் கதிரையில் விரித்துவிட்டு, சாம்பல் சட்டைக்குள் புகுந்தார். அப்பாவின் கெண்டைக்கால்களை முழு வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

நாலு பேரும் ஒரே சட்டையில், அறையில் தந்த மெல்லிய செருப்போடு லிப்டில் ஏறினோம். உள்ளே கோட் சூட் போட்ட மூன்று ஆண்கள் நின்றார்கள். எங்களைக் கண்டதும் மூவரும் தரையைப் பார்த்தார்கள். என்ன ஒழுக்கமான மக்கள் என்று நான் வியந்தேன். லிப்டின் சுவரில் அந்தச் சட்டையும் செருப்பும் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"அண்ணா, அது என்ன?" என்று தர்சி கேட்டாள்.

"வீட்டுக்குக் களவெடுத்துக்கொண்டு போகக் கூடாதெண்டு போட்டிருக்கு" என்றேன்.

காலைச் சாப்பாடு ஒன்றாம் மாடியில். சுவிசில் தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் ஒன்றாம் மாடி. ஜப்பானில் தரையே ஒன்று. இந்த விஷயம் எந்த வீடியோவிலும் வரவில்லை. கதவு திறந்தது. சூட் போட்டவர்கள் இறங்க வழிவிட்டு நாங்களும் வெளியே வந்தோம். பின்னால் கதவு மூடியது.

நாங்கள் நின்றது கூரை போட்ட ஒரு கடைத்தெருவின் நடுவில். வேலைக்குப் போகிறவர்கள் ஆறு போல இரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல்காரருக்குக் காலைச் சாப்பாடு தருகிற கடை எதிர்ப்புறம் இருந்தது. அதற்குள் இருந்த ஒருவரும் சாம்பல் சட்டை போட்டிருக்கவில்லை.

திரும்பி லிப்டின் பொத்தானை அமத்தினேன். மேலே போக அறை அட்டை வேண்டும். என் அட்டை, மின்விளக்கு எரிவதற்காக அறைச் சுவரில் செருகியபடி இருந்தது. அப்பாவின் அட்டை, நான் கழற்றச் சொன்ன காற்சட்டையின் பையில்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் அம்மா, சட்டையின் இரு ஓரத்தையும் கீழே இழுத்தபடி.

வரவேற்பு மேசைக்குப் போவதென்றால் கடைத்தெருவின் கோடிவரை நடந்து, திரும்பி, முன்வாசலால் நுழைய வேண்டும். தர்சி என்னைத் திட்டத் தொடங்கினாள். சண்டை என்று வந்தால் நாங்கள் இருவரும் சுவிஸ் ஜெர்மனுக்கு மாறிவிடுவோம். அதுதான் பிழையாகப் போனது.

எங்களைத் தாண்டிப் போன வயதான வெள்ளைக்காரத் தம்பதி சட்டென்று நின்றார்கள். முதுகுப்பை, மலையேறும் சப்பாத்து. வேறு எந்த நாட்டவராகவும் இருக்க வழியில்லை.

"நீங்கள் சூரிச்சா?" என்று அந்த அம்மா சந்தோசமாகச் சுவிஸ் ஜெர்மனில் கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும் முன் என் அம்மா ஆம் என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பெண்மணி எங்கள் நால்வரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரே நிறம், ஒரே தையல், முழுக் குடும்பம். மிகவும் மரியாதையாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இது உங்களுடைய ட்ராக்டா?"

ட்ராக்ட் என்றால் சுவிஸ் கிராமத்தவர்கள் திருவிழாக்களில் அணியும் பாரம்பரிய உடை. நான் என் செருப்பைப் பார்த்தேன். தர்சி கூரையைப் பார்த்தாள். அப்பாதான் நிமிர்ந்தார். மேல் பொத்தானைச் சரிசெய்தார்.

"யா" என்றார் ஜெர்மனில், "ட்ராக்ட். காலையில் மட்டும்."

அவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கணவர் படம் எடுக்கலாமா என்று கேட்டார். அப்பா எங்களை உயர வரிசைப்படி நிறுத்தினார். படத்தை அனுப்புவதற்குத் தன் வாட்ஸ்அப் இலக்கத்தையும் கொடுத்தார்.

அதன்பிறகு கடைத்தெரு முழுக்க அப்பா முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து பார்க்காமல் இருந்தது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. வரவேற்பில் நின்ற பெண் குனிந்து வணங்கி, புது அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அவர் பின்னறைக்குள் போய்க் கதவு மூடிய பிறகு மட்டும் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

மேலே போனதும் அப்பாவிடம் எப்படிக் கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டு, பெல்ட்டை இறுக்கி, கண்ணாடியில் தலை சீவினார்.

"வா, பூட்டப் போறாங்கள்" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கடையில் நாங்கள்தான் கடைசி ஆட்கள். அப்பா மீனும் சோறும் சூப்பும் ஆறுதலாகச் சாப்பிட்டார். முடிந்ததும் பழக்கதோசத்தில் எல்லாருடைய கோப்பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு எழுந்தார். பரிமாறிய பெண் ஓடிவந்து, தலை குனிந்து, அவற்றை மெதுவாக வாங்கிக்கொண்டார். அப்பா திரும்ப உட்கார்ந்தார். வேலையில்லாத இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வெளியே ஓடும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். ஜப்பானில் நான் பார்த்த எல்லாவற்றிலும் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சிரிப்புத்தான்.

அந்தப் படம் இப்போது ஓர்லிகோன் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நாலு பேரும் ஒன்றாக, ஒழுங்காக நிற்கும் படம் எங்களிடம் வேறு இல்லை. பார்க்க வருபவர்களுக்கு அம்மா கதையை முதலிலிருந்து சொல்வார். ஒரேயொருவருக்கு மட்டும் சொல்லவில்லை.

தர்சி லூக்காஸ் என்ற சுவிஸ் பெடியனைக் கட்டினாள். அவனுடைய தாய் பேர்ன் பக்கக் கிராமம் ஒன்றின் ட்ராக்ட் சங்கத்தில் முக்கியமானவர். முதல்தடவை வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். இது என்ன உடை என்று கேட்டார். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பிறகு உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

போன வருடம் தர்சிக்கு மகன் பிறந்தான். லூக்காஸின் தாய் ஒரு பொதியோடு வந்தார். இரண்டு பக்கப் பாரம்பரியமும் பிள்ளைக்கு வேண்டும் என்று தானே தைத்தாராம். பிரித்தோம். சாம்பல் நிறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை, முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தான்.

நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, தையலைத் தடவிப் பார்த்து, தர்சியிடம் கொடுத்தார்.

"வடிவா இருக்கு பிள்ளை" என்றார். "காலையில மட்டும் போட்டுவிடு."