சொல்லமாட்டேன் சாட்சி

உலகத்தில் ‘சொல்லமாட்டேன் சாட்சி’ என்றோர் இனம் உண்டு. பிறப்பது எங்கும், செழிப்பது எங்கள் காஞ்சிபுரத்தில். நாட்டில் பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை எடுத்துவிட்டார்களாம். எங்கள் நெசவாளர் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் தெருச் சாட்சி சபாபதி. வெற்றிலையை மடித்து, தொண்டையைக் கனைத்து, நாலு பக்கமும் பார்த்து, “நமக்கெதுக்குப்பா” என்று பெருமூச்சு விட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்புவதுபோல் கிளம்பி, நின்று, திரும்புவார். போயிற்று! யாரோ ஒருவன் மானம் போயிற்று.

போன வாரம் போனது கதிர்வேலின் மானம். தறிக்காரர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் ரேணுகாம்பாள் வீட்டில் ஒரு ஜரிகைப் பொட்டலத்தைக் காணோம். டீக்கடையில் விசாரணை. சபாபதி சாட்சி. கதிர்வேல் திருடன்; இனி அவனுக்குப் பாவு கிடையாது! வெறுந்தறியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? மேல்முறையீடு செய்தான்.

அந்த விசாரணை நடந்தது தெருவில், காலையில், அவனுக்கென்று முன்பே சுற்றிவைத்த பாவு நூலையே வேறொருவனுக்காகப் பிரித்து நீட்டும்போது. பட்டு இழைகளை இழுத்துப் பிடித்திருப்பவர்கள் கையை எடுக்க முடியாது. காதைப் பொத்தவும் முடியாது. இதைவிட நல்ல ஜூரி எங்கே கிடைக்கும்?

“அன்னிக்கு நடந்தத மட்டும் சொல்லுங்கண்ணா” என்றார் ரேணுகாம்பாள்.

“அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல, தாமல் கிராமத்துல இருந்தேம்மா. ஆனா இவன் மாமா ஜெயில்ல இருந்துட்டு வந்தாரே, அத மட்டும் நான் சொல்லமாட்டேன்.”

“அத யாரும் மனசுல வெச்சுக்காதீங்கப்பா!” என்றார் ரேணுகாம்பாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நிமிஷம் முதல் தெருவில் வேறெதையும் யாரும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

“மாமா ஜெயிலுக்குப் போனா நான் ஜரிகை எடுப்பனா?” கதிர்வேல் குரலை உயர்த்தினான்.

“பாத்தீங்களா, எப்படிக் கத்திக்கினு இருக்கறான்! இதயும் நான் சொல்லல.”

அப்போதுதான் பாவின் கடைசிச் சுருள் பிரிந்தது. பொத்தென்று விழுந்தது ஜரிகைப் பொட்டலம்!

“ஐயோ, பத்திரமா இருக்கட்டும்னு நானே உள்ள செருகிட்டேன் போல இருக்குதே!” என்று ரேணுகாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெருவே சிரித்த சிரிப்பில் பாவு ஆடியது. கதிர்வேல் விடுதலை, பாவும் அவனுக்கே. சபாபதி? “நான்தான் எதுவுமே சொல்லலியேப்பா!”

இனி உங்கள் விஷயம். ஜரிகை கிடைத்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது. இருந்தாலும் அந்த மாமா எதற்கு ஜெயிலுக்குப் போனார் என்றுதானே யோசிக்கிறீர்கள்? எதற்கும் தோளில் ஒரு துண்டு கிடக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

காரணம் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன்.