இருபத்து நான்கு கிலோ நேர்மை

இந்த முறை மலையிலிருந்து பதினோரு கிலோ கல்லோடுதான் இறங்குவேன் என்று ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் என் மனைவிக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் தராசு மெக்கானிக். மளிகைக் கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் எடைமேடை வரை என் கை பட்டால் பொய் சொல்லாது. நாலு நாள் லீவு கிடைத்தால் மலையேறிக் கல் பொறுக்குவேன். பொறுக்கியதையெல்லாம் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நாலு இழுப்பறை. ஒவ்வொரு கல்லுக்கும் தெர்மாகோலில் அதன் உருவத்துக்கே குழி வெட்டி, உள்ளே பெயர்ச்சீட்டு ஒட்டி, அதில் படுக்க வைப்பேன். படுக்க வைத்த பிறகு திறந்து பார்த்ததில்லை. தூங்கும் பிள்ளையை யாராவது எழுப்புவார்களா?

என் மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

"என்னங்க, அந்த அலமாரிய எனக்குக் குடுத்துடுங்களேன். நூலு, பட்டன், லைனிங் துணி எல்லாம் கட்டில்மேல கெடக்கு."

"அதுல என் கல்லு இருக்கே."

"கல்லு எங்க வேணா இருக்கும். இத்தனை வருஷம் மலையில அலமாரியிலயா இருந்துச்சு?"

"இதெல்லாம் வெறும் கல்லா? ஒவ்வொண்ணும் எனக்குப் புள்ளை மாதிரி. எந்தக் கூட்டத்துல விட்டாலும் இது என்னோடதுன்னு சொல்லிடுவேன்."

"சொல்லலன்னா?"

"அலமாரி உனக்கு!"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "சரி" என்றாள். அந்தச் 'சரி'யை நான் அப்போதே எடை போட்டிருக்க வேண்டும்.

இனி அவள் போட்ட சட்டம். மலைக்குப் புறப்படும்போது பை என்ன எடையோ, திரும்பி வரும்போதும் அதே எடைதான் இருக்க வேண்டும். வாசலில் நிறுத்துப் பார்ப்பாள், அதுவும் நான் சரிபார்த்துக் கொடுத்த தராசில். பையைப் பிரிக்க மாட்டாள். ஆக, தின்று தீர்த்த எடைக்குத்தான் கல். போன தடவை கல்லுக்கு இடம் பண்ணுவதற்காக மூன்று நாளில் ஆறு நாள் சாப்பாட்டைத் தின்றேன். பை இளைத்தது, நான் பெருத்தேன். நல்லவேளை, என்னை நிறுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

இந்தத் தடவை மூளையைப் பயன்படுத்தினேன். மலையேறும் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

"உங்ககிட்ட இருக்குறதுலயே லேசான டென்ட் எது?"

"இது சார். கையில வச்சுப் பாருங்க."

"எங்க?"

"கையில வச்சிட்டேன் சார்."

பார்த்தேன். வைத்திருந்தான்! அங்கேயே தீர்மானித்துவிட்டேன். மடித்தால் சோப்புப் பெட்டிக்குள் போகும் தூக்கப்பை, ஊதித் தலைக்கு வைக்கும் தலையணை, தீப்பெட்டி அளவு அடுப்பு. எல்லாவற்றையும் என் சட்டைப்பைத் தராசில் நிறுத்துத்தான் வாங்கினேன். பல் துலக்கும் பிரஷ்ஷில்கூடப் பாதிக் காம்பை அறுத்தேன்.

திட்டம் இதுதான். வீட்டில் பழைய சாமானைக் கட்டுவேன்: இரும்புக் கம்பி வைத்த டென்ட், பஞ்சு மெத்தை, ஸ்டவ், வாணலி. அவள் நிறுப்பாள். அடுத்த வீட்டில் போய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதே பையில் புதுச் சாமானை அடைப்பேன். மிச்சமாகும் எடை, சாப்பாட்டையும் சேர்த்து, பதினோரு கிலோ. அத்தனையும் கல்!

அடுத்த வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச் சாமானை ஒளித்து வைக்க இடம் கொடுத்தார். துணைக்கு நானும் வருகிறேன் என்றார். நல்ல மனுஷர். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷர். திறக்க விடமாட்டார்கள்.

புறப்பட்ட அன்று வாசலில் தராசு காத்திருந்தது.

"இருபத்தி நாலு" என்றாள் மனைவி. "வரும்போதும் இருபத்தி நாலு."

"ஒரு கிராம் கூடினா என்னைக் கேளு."

"உங்களைக் கேக்காம யாரைக் கேப்பேன்?" என்று சிரித்தாள். ஊருக்கே எடை சொல்பவன், வீட்டுக்காரியை ஏமாற்றிவிட்டுப் போகிறேனே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த வீடு வரைக்கும்தான் இருந்தது.

மலையில் நான் மான்குட்டி மாதிரி துள்ளி ஏறினேன். கண்டக்டர் நாலடிக்கு ஒரு ஸ்டாப் போட்டார்.

"என்னண்ணே, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"எல்லாம் அவ கட்டிக் குடுத்தது தம்பி. என்ன இருக்குன்னு கேக்கக் கூடாதாம்."

"சாமான் வாங்குறது ஒரு கலைண்ணே. தேவையில்லாத ஒரு கிராமைக்கூட முதுகுல ஏத்தக் கூடாது" என்று ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினேன். பாவம், பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஓடை ஓரம் முகாம். "நான் டென்ட் போடுறேன், நீங்க விறகு பொறுக்கிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது டென்ட் நின்றது. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் காலை முகம் கழுவ ஓடைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் தண்ணீரில், வெயில் பட்டு, பளபளவென்று ஒரு கல். பச்சை உடம்பில் வெள்ளை வரி. பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒன்று. அதற்கடுத்து ஊதாப் பல் முளைத்த மாதிரி ஒன்று. ஒரே இடத்தில் ஏழு!

"அண்ணே! ஓடி வாங்க! இந்த மாதிரிக் கல்லை வாழ்க்கையில பார்த்ததே இல்லை!"

"நல்லாப் பாத்து எடுங்க தம்பி" என்றார் கண்டக்டர். ஏழு கல்லையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கும் கல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நிறுத்தேன். மொத்தம் பதினோரு கிலோ. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. இயற்கைக்கே என்மேல் பிரியம் என்று கண் கலங்கினேன். இதற்குமேல் எடுக்க இடமில்லாததால் மிச்சம் இரண்டு நாளும் அந்த ஏழு கல்லையே மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசல். தராசு. இருபத்து நான்கு.

"சரியா இருக்கே!" என்றாள் மனைவி. கண்டக்டரின் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தார். "என்ன கொண்டு வந்தீங்க, காட்டுங்க."

கூடத்தில் துணி விரித்து ஏழு கல்லையும் பரப்பினேன். "பார்த்துக்கோ. ஏழும் புதுசு. என் அலமாரியில இதுக்குப் பக்கத்துல வைக்கக்கூட ஒண்ணு இல்லை."

"நிச்சயமா?"

"சத்தியமா!"

அவள் போய் அலமாரியின் கடைசி இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஏழு குழி. ஏழும் காலி.

பச்சைக் கல்லை எடுத்து முதல் குழியில் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. செம்புக் கல், டக். ஊதாக் கல், டக். தெர்மாகோலில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. வெட்டியவன் வேலை தெரிந்தவன்.

கடைசிக் கல்லை வைக்குமுன் குழிக்குள் ஒட்டியிருந்த சீட்டை, என் கையெழுத்தை, சத்தமாகப் படித்தாள்: "மிக அரிது. மறக்க முடியாதது."

டக்.

வாசலில் கண்டக்டர் முதுகைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க தம்பி. ரெண்டு வீட்டம்மாவும் சேர்ந்து சொன்னா நான் எங்க போவேன்?"

"உங்க புதுச் சாமானை அக்கா வீட்டுல நிறுத்துப் பாத்த அன்னிக்கே, மிச்ச எடைக்குச் சரியா இதுங்களை எடுத்துக் கழுவிட்டேன்" என்றாள் மனைவி. "எவ்வளவு தூசி! புள்ளைய இப்படியா வச்சிருப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. நாலு பேரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அன்று மாலையே அலமாரியில் நூல்கண்டுகள் நிறம் நிறமாக ஏறின. இழுப்பறைகள் நாலும் கட்டிலுக்கு அடியில் போயின.

"வருத்தப்படாதீங்க" என்றாள் என் மனைவி, பட்டன்களை அடுக்கிக்கொண்டே. "அடுத்த தடவை புதுக் கல்லு வேணும்னா சொல்லுங்க, இன்னும் மூணு இழுப்பறை பாக்கி இருக்கு."