மாமூல் வண்டிப்பாதையும் அடிக்குறிப்பு பதினான்கும்

நாளது 2025ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி, சட்டப் பல்கலைக்கழக மாணவர் ஆய்விதழின் தலைமை ஆசிரியரும் நான்காம் ஆண்டு மாணவியுமாகிய செல்வி ஹரிணி அவர்களுக்கு, புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடியில் முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதிவரும் சூசை மகன் ஆரோக்கியதாஸ் எழுதிக்கொடுக்கும் கடிதம் என்னவென்றால்:

தாங்களும் தங்கள் ஆசிரியர் குழுவினரும் பரீட்சைகளுக்கு நடுவிலும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கு நான், என் மனைவி செபமாலை, என் ரத்தக்கொதிப்பு மூவரும் நலம்.

தங்கள் தமிழ்ச் சிறப்பிதழுக்கு நான் அனுப்பிய ‘கிரயப் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம்’ என்னும், பாதை உரிமை பற்றிய கட்டுரையை இதன்மூலம் திருப்பிப் பெற்றுக்கொள்கிறேன். இதை யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், சுயநினைவோடு எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது. கோபத்தோடு எழுதினால் செல்லாது என்று சட்டம் இருந்தால் அதை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கட்டுரை எழுத ஆசைப்பட்டவன் இல்லை. உங்கள் அறிவிப்பைக் கம்ப்யூட்டர் சென்டர் பரிமளாதான் காட்டினார். அதில், பரிசீலிப்பவர்களுக்குத் தெரியாமலிருக்க எழுதியவர் பெயர் கட்டுரையின் எந்த இடத்திலும் இருக்கக்கூடாது என்று கண்டிருந்தது. அந்த ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சட்ட ஆய்விதழ்களை அச்சடிக்கிறவர்கள்கூட வாசிப்பதில்லை என்று ஒரு வக்கீலும் உறுதி கூறினார். மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொன்னது மாதிரியும் இருக்கும், யாருக்கும் கேட்காத மாதிரியும் இருக்கும் என்று நம்பி அனுப்பினேன். நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

முதலில், கட்டுரையில் எண்பத்து நான்கு சதவீதம் பிறர் எழுத்து என்று உங்கள் இயந்திரம் கண்டுபிடித்ததாக எழுதினீர்கள். அம்மா, நான் உதாரணம் காட்டியிருப்பதெல்லாம் பத்திர வாசகம். ‘இதன் நான்கு எல்லைக்குள்பட்ட’ என்பதை என் குருவைப் பார்த்து நான் எழுதினேன், அவர் அவருடைய குருவைப் பார்த்து எழுதினார். எங்கள் தொழிலில் பார்த்து எழுதுவதுதான் நாணயம். சொந்தமாக ஒரு வார்த்தை போட்டால் அதற்கு மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும். உங்களிடத்தில் வார்த்தையை மாற்றாவிட்டால் திருட்டு, எங்களிடத்தில் மாற்றினால் வழக்கு. இதை விளக்கி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அறுபது சதவீதம் பிறர் எழுத்து என்று பதில் வந்தது.

அடுத்து வந்தவர் பெயர் தெரியாத பரிசீலகர். கட்டுரையில் ‘மாமூல் வண்டிப்பாதை’ என்று பதினேழு இடத்தில் வருகிறது. அந்தப் புண்ணியவான் பதினேழு இடத்திலும் சிவப்பில் கோடு போட்டு, ‘ஆசிரியர் லஞ்சத்தை இயல்பான ஒன்றாகச் சித்திரிக்கிறார். பாதைக்கு மாமூல் வாங்கிய அதிகாரி யார்?’ என்று கேட்டிருந்தார். வழக்கமாக வண்டி போய்வருகிற பாதைக்குத்தான் பத்திரத்தில் மாமூல் பாதை என்று பெயர் என்று எழுதினேன். ‘வழக்கமாக வாங்குவது குற்றத்தைக் குறைக்காது’ என்று திரும்பவும் எழுதினார். அவர் நல்ல நீதிபதியாக வருவார் என்று தோன்றுகிறது. அதுவரை அவர் எங்கிட்டாவது ஒரு முந்திரிக் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கண்மாய்க்கு மேற்கே முந்திரிக் கொல்லை இருக்கிறது என்ற வாக்கியத்துக்கு ஆதாரம் கேட்டீர்கள், சூரியன் அந்தப் பக்கம்தான் மறைகிறது என்று எழுதித் தந்தேன். ஆனால் பதினான்காம் அடிக்குறிப்பை நீங்கள் விட்டிருக்கலாம்.

அந்த அடிக்குறிப்பில் என்ன பெரிதாக இருக்கிறது? 2004இல் அழகுமலை என்பவர் தம் முந்திரிக் கொல்லையில் ஒன்றரை ஏக்கரை அழகம்மாள் என்பவருக்கு விற்றார். ஓர் எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியதை எழுதினார். பழையதில் ‘கிணற்றுப் பாத்தியம் உட்பட’ என்று ஒரு வரியும், ‘மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியம் உட்பட’ என்று அதற்கடுத்த வரியும் இருந்தன. இரண்டும் ‘பாத்தியம் உட்பட’ என்றே முடிந்ததால் எழுத்தரின் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. எட்டு வருடம் கழித்து அழகுமலை வேலி போட்டார். அழகம்மாள் வழக்குப் போட்டார். எழுத்தர் சாட்சிக் கூண்டில் ஏறி, ‘கட்சிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்’ என்றார். பத்திரத்தில் பாதை இல்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. இப்போது அழகம்மாள் முந்திரிக்கொட்டையைத் தலையில் சுமந்து கண்மாய்க் கரையைச் சுற்றி வருகிறார். அறுபத்திரண்டு வயது. அப்பீல் அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. இவ்வளவுதான்.

இதற்கு ஆதாரம் கேட்டீர்கள். நம்பத்தகுந்த வட்டாரம் என்றேன். வட்டாரத்தின் பெயர் கேட்டீர்கள். எழுத்தருக்கு நெருக்கமானவர் என்றேன். எவ்வளவு நெருக்கம் என்றீர்கள். ஒரே வீட்டில் இருப்பவர் என்றேன். உடனே ‘எழுத்தரின் மனைவியிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி அனுப்பவும்’ என்கிறீர்கள். செபமாலைக்கு இது தெரிந்தால் எனக்கு யார் சோறு போடுவது என்று உங்கள் குழுவில் ஒருவராவது யோசித்தீர்களா? அந்த எழுத்தர் மனைவியின் பெயரும் செபமாலையாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் சிகரமாக, அடிக்குறிப்பில் நான் போட்டிருந்த வழக்கு எண்ணை வைத்து அழகம்மாளின் நம்பரைத் தேடிப்பிடித்து, தகவல் சரிபார்ப்பு என்று நீங்களே பேசியிருக்கிறீர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை அவர் என் கடைக்கு வந்து நின்றார்.

“காலேசுலேர்ந்து ஒரு புள்ள போன் பண்ணுச்சுங்க. ரொம்ப மருவாதியாப் பேசுச்சு. எங் கொல்லையப் பத்தி நீங்க கட்டுரை எழுதியிருக்கீகளாமுல்ல. வாசிச்சுக் காட்டுங்க, கேப்போம்” என்றார்.

முப்பத்தெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் பத்திரம் வாசித்துக் காட்டுகிறவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பெஞ்சில் உட்காரவைத்து வாசித்தேன். பதினேழு மாமூலும் வாசித்தேன். பதின்மூன்றாம் அடிக்குறிப்பு முடிந்ததும் பதினைந்தாவதை வாசித்தேன்.

அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க. பாதை எப்புடிப் போச்சுன்னுதான் அதுல வரல” என்றார். பிறகு சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முழுப் பொறுப்பும் தங்கள் ஆய்விதழையே சாரும்.

ஆகையால் கட்டுரையைத் திருப்பி அனுப்பவும். நகல் இருந்தால் கிழித்துவிடவும். இதனால் தங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தாங்கள் பட்டம் பெற்று, பெரிய வக்கீலாகி, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, என்னைப் போன்ற சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிடும் மனசோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். பரிசீலகருக்கும் என் மாமூலான அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
சூ. ஆரோக்கியதாஸ்,
பத்திர எழுத்தர், கறம்பக்குடி.

பின்குறிப்பு (இதைப் பிழைதிருத்தல் பத்திரமாகப் பாவிக்கவும்):

மேற்படி கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டைப் செய்த பரிமளா, பிரிண்ட் கொடுக்குமுன், “அய்யா, இதுல ஒரு வரி விட்டுப்போச்சுங்க” என்றார். என்ன வரி என்றேன். “அந்த எழுத்தரு நீங்கதான்ங்கிற வரி” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது.

அழகம்மாளைப் போன் போட்டு வரச்சொல்லிப் பதினான்காம் அடிக்குறிப்பை வாசித்துக் காட்டினேன். அவர், “அன்னைக்கிக் கூண்டுல ஏறுறப்ப ஒங்களத்தான் நம்பியிருந்தேன்” என்றார். பிறகு, “புத்தகத்துல போட்டா யாரு படிக்கப் போறா. கோர்ட்டுல வந்து சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் வக்கீலிடம் சேர்ப்பித்துவிட்டேன். செபமாலையிடமும் சொல்லியாயிற்று. சோறு கிடைக்கிறது, பேச்சுத்தான் இல்லை.

ஆகவே மேற்படி கடிதத்தில் ‘திருப்பிப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பிழையாகக் கண்டிருப்பதை ‘வெளியிடச் சம்மதிக்கிறேன்’ என்றும், கட்டுரையில் ‘ஓர் எழுத்தர்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘நான்’ என்றும் திருத்தி வாசிக்கவும். அடிக்குறிப்பு பதினான்குக்கு ஆதாரம்: சூசை மகன் ஆரோக்கியதாஸ். என் பெயர் கட்டுரையில் வரக்கூடாது என்ற தங்கள் நிபந்தனையை மீறுவதற்கு மன்னிக்கவும்.

சாட்சிகள்:
1. பரிமளா, கம்ப்யூட்டர் சென்டர்.
2. அழகம்மாள். வாசித்துக் காட்டப்பட்டது. இந்த முறை வரி எதுவும் விடவில்லை.