வாளிக்குள் உட்கார்ந்திருந்தவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டு முன்பக்கம் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சித்தப்பா முந்திக்கொண்டு உங்களுக்கு வேறு கதை சொல்லிவிடுவார். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

அப்பா, கார் ஷெட்டின் தூணோரம், பிரம்பு நாற்காலியில். அம்மா, வாசற்படியின் மேல்படியில், எதுவானாலும் எழுந்து உள்ளே ஓட வசதியாக. சித்தப்பாவுக்கு ஸ்டூல், ஆனால் கோலய்யா எழுந்தபோதெல்லாம் அவரும் எழுந்ததால் உட்கார்ந்ததாகக் கணக்கு வைக்க முடியாது. அடுத்த வீட்டுத் தையல்காரர் மதில்மேல், காலை நம் பக்கம் தொங்கப்போட்டு. கேட்டுக்கு வெளியே பாதித் தெரு. கோலய்யா நம் சாப்பாட்டு மேசை நாற்காலியில், உங்கள் தலையணைமேல். (சித்தப்பாதான் கொண்டுவந்து போட்டார். உறையைத் துவைத்தாயிற்று.) அவருடைய உதவியாள் வண்டிமேல் சாய்ந்துகொண்டு, விற்பனைப் பத்திரத்தைச் சுருட்டி விசிறிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நின்றாள்.

அப்பாவின் நாற்காலி பக்கத்தில் துண்டு மூடிய இரும்பு வாளி ஒன்று இருந்தது. அதற்குள்ளும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

நின்றுபோன வண்டிகளில் உட்கார்ந்திருக்கிற 'நிழலை'க் கோலால் தட்டி விரட்டுகிற கோலய்யாவின் புகழ் உங்கள் ஊர்வரை எட்டிவிட்டது உங்கள் கடிதத்தில் தெரிந்தது. "அவள் கை அந்த வண்டிக்கு ராசியில்லை. சாவியை வாங்கிவிடுங்கள். வண்டியை அய்யா கேட்கிற விலைக்கே கொடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வண்டி உங்கள் பணத்தில் வாங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அதில் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஊசி போடுவதும் புண் துடைப்பதும் அக்கா. வண்டி இல்லாத நர்ஸுக்கு அந்த வேலை இல்லை; திங்கட்கிழமை முதல் வேறு ஆளைப் போடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஒரு வரியில் வண்டி மட்டும் போகவில்லை, அவள் பிழைப்பும் சேர்ந்து போக இருந்தது.

புறவழிச் சாலை ஓரத்துப் பழைய கிடங்குதான் கோலய்யாவின் இடம். காலையில் போய்ப் பார்க்க வேண்டும் நீங்கள்! ஓடுகிற வண்டிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது. தள்ளிக்கொண்டு வருகிறவர், கயிறு கட்டி இழுத்து வருகிறவர், வழியிலேயே கும்பிட்டுக்கொண்டு வருகிறவர். வரிசையில் என் முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் மச்சான் வண்டி, அய்யா பேரைச் சொன்னதுமே கிளம்பிடுச்சாம்!"

"பேரைச் சொன்னதுமேவா?"

"சாவியையும் திருப்பினாங்க."

முறை இதுதான். வண்டியின் மூக்கிலிருந்து தரைவரை கறுப்புத் துணி தொங்கவிடுவார்கள். கறுப்பு அங்கியோடு கோலய்யா அதற்குள் நுழைவார். கையில் பூண் போட்ட கோல். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். டொக். டொக். டொக். மூன்றே தட்டு. "நிழல் இறங்கிடுச்சு!" என்று குரல் வரும். சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும். கூட்டம் அதைவிட உறுமும்.

காசு? தொடவே மாட்டார். அதுதான் பெரிய மனுஷன். ஒரே நிபந்தனை: மூன்றாம் முறையும் வண்டி நின்றால், அது பாழ், வீட்டில் வைக்கக் கூடாது. பாவத்தைத் தானே சுமப்பதாகச் சொல்லி, இரும்பு விலைக்கு வாங்கிக்கொள்வார். ஊரார் பாவமெல்லாம் கிடங்குக்குப் பின்னால் பெயின்ட் அடித்துக்கொண்டு வெளியூர் போகக் காத்திருந்தது.

நம் வண்டிக்கு இரண்டு முறை தட்டியாகிவிட்டது. இரண்டாம் தட்டு முதல் தட்டு தாங்கின அளவுகூடத் தாங்கவில்லை. அதற்குத்தான் "ஓட்டுற கை சரியில்ல" என்றார். அன்றிலிருந்து அக்கா, போகிற வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்கவே பயந்தாள். ஓடவிட்டபடியே உள்ளே போய் ஊசி போட்டுவிட்டு ஓடி வருவாள். வீட்டில் அவள் தண்ணீர் கொடுத்தால் அப்பா டம்ளரை இரண்டு தரம் பார்த்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது கிடங்கு வாசலில். உதவியாள் உள்ளே விடுவதற்கு முன் எல்லாரையும் கேள்வி கேட்டான்.

"விளக்கு எரியுதா?"

"மங்கலா எரியுதுங்க."

"இது நிழல் இல்ல. பேட்டரி. கடைக்குப் போ."

அடுத்தவர். "விளக்கு?"

"பளிச்சுனு எரியுது."

"சாவி திருப்பினா?"

"'டிக்'குனு ஒரு சத்தம். அதோட சரி."

"பிடிச்சிருக்கு! உள்ள வா!"

பின்னால் நின்ற சித்தப்பா என் தோளை அழுத்தினார். "பாத்தியாடா நேர்மையை? பொய்க் கேஸை எடுக்கவே மாட்டார்!"

நான் பார்த்தது வேறு. நடைபாதைக் கடையில் வாங்கின பழைய கார் ரிப்பேர் புத்தகம் ஒன்று என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வண்டி கிளம்பாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம். முதல் கேள்வி விளக்கு. இரண்டாவது கேள்வி சத்தம். இரண்டுக்கும் இந்தப் பதில் வந்தால் குற்றவாளி, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார். நிழலும் அதே புத்தகம் படித்துவிட்டுத்தான் உட்காருகிறதா?

கண் போய்விடும் என்றார்கள், கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூடச் சொல்லவில்லையே! எந்த வண்டியானாலும் மூன்று தட்டும் இன்ஜினின் அடிப்பக்கம், ஒரே இடத்தில், ஒரே கனமான இரும்புமேல் விழுந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் நகத்தளவு கரித்துண்டுகள் உண்டு. அவை வழியாகத்தான் சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் போகும். தேய்ந்துபோனால் ஒட்டாமல் நின்றுவிடும். வெளியே ஒரு தட்டுத் தட்டினால் அசைந்து ஒட்டிக்கொள்ளும், மோட்டார் சுற்றும். கொஞ்ச நாளில் மறுபடி நிற்கும். தட்டினால் மறுபடி சுற்றும். ஒரு நாள் தட்டினாலும் சுற்றாது. அதற்குள் மூன்றாம் முறை வந்துவிடும்.

ஏன் அக்கா ஓட்டும்போது மட்டும்? வேறு யார் ஓட்டுகிறார்கள்? வருடத்துக்கு ஒரு தரம் வந்து நீங்கள் ஒரு சுற்று சுற்றுகிறீர்கள். அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அணைத்து, கிளப்பி, அணைத்து, கிளப்பி. அவ்வளவு உழைத்தால் மனுஷனே தேய்வான், கரித்துண்டு தேயாதா?

சனிக்கிழமை நானும் அக்காவும் மோட்டாரைக் கழற்றினோம். பேட்டரி ஒயரை முதலில் கழற்று என்று புத்தகம் கொட்டை எழுத்தில் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் கடைசியில் படித்தேன். ஸ்பானர் பட்டதும் 'படார்' என்று ஒரு பொறி. ஜன்னலில் அப்பா அலறினார்.

"சொன்னேனே! அதுக்குக் கோபம் வந்துடுச்சு!"

"அதுக்கு இல்லப்பா, பேட்டரிக்கு" என்றாள் அக்கா. "இவன் படிச்ச லட்சணத்துக்கு எனக்கும் வருது."

கீழ் போல்ட் வந்துவிட்டது. மேல் போல்ட் இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில். என் கை நுழையவில்லை. முழங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"தள்ளுடா" என்று அக்கா கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இருட்டு ரூம்ல கிழவங்க கையில நரம்பு தேடறவ நான். இது என்ன பெரிய நட்டு... இதோ, மாட்டிக்கிச்சு. ஸ்பானரைக் கொடு."

ராசியில்லாத கை என்றீர்களே, அதே கை. மோட்டார் அவள் மடியில் வந்து விழுந்தது. அதைத்தான் துடைத்து வாளிக்குள் உட்கார வைத்தோம்.

பேட்டரியை மட்டும் மறுபடி இணைத்து, தொங்கின ஒயர் முனைகளைத் துணி சுற்றிக் கட்டினேன். விளக்கு எரிய வேண்டுமே! பிறகு சித்தப்பாவிடம் போய், "மூணாவது தடவையும் நின்னுடுச்சு. அய்யாவையே வரச் சொல்லுங்க" என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

ஞாயிறு மாலை கதை இனிமேல்தான்.

உதவியாள் சாவியைத் திருப்பினான். 'டிக்' சத்தம்கூட இல்லை. நெற்றியைச் சுருக்கினான். கோலய்யா கண்ணை மூடி, "இறுகிப்போச்சு. அதான் சத்தமே இல்ல" என்றார். அப்பாவின் முகம் வெளுத்தது.

நான் எழுந்து, "ஐயா, நீங்க கிளப்பி ஓட்டிட்டுப் போங்க. கிளம்பினா அக்காவே பத்திரத்துல கையெழுத்துப் போடுவா" என்றேன்.

வாங்குகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் கௌரவம் என்னாவது? அவர் துணிக்குள் நுழைந்தார். எல்லாரும் மூன்று தட்டுக்குக் காத்திருந்தோம். தட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துணிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது.

"அது என்னங்க?" என்றார் மதில்மேல் தையல்காரர்.

"ஞான ஒளி" என்றார் சித்தப்பா.

"ஞான ஒளிக்கு சுவிட்ச் சத்தம் கேக்குதே!"

கோலய்யா வெளியே வந்தார். அங்கி நனைந்திருந்தது. "இந்த இடம் சரியில்ல. வண்டியை நம்ம இடத்துக்குத் தள்ளிட்டு வாங்க."

அக்கா கேட்டாள்: "ஏன் ஐயா, உள்ள ஏதாவது குறையுதா?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோட்டாரைக் காணோம் என்றால், மோட்டார் என்று ஒன்று உண்டு என்று தெரிந்தவராகிவிடுவார். "ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் இருக்கு."

அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. நான் பிடிக்கவில்லை அண்ணா, அவருடைய பரம பக்தர் பிடித்தார்.

"அப்புறம் என்ன ஐயா!" என்று சித்தப்பா துள்ளினார். "எல்லாம் இருக்குல்ல? தட்டுங்க! இதைவிடப் பெரிய நிழலையெல்லாம் நீங்க விரட்டலையா?"

"தட்டுங்க ஐயா!" என்றது கேட்டுக்கு வெளியே கூட்டம்.

துணிக்குள் மூன்று தட்டு. அடி ஏதோ தகரத்தில் பட்டு 'டப் டப்' என்றது. சாவியைத் திருப்பினார்கள். ஒன்றுமில்லை.

"இன்னும் பலமா தட்டுங்க ஐயா! உங்களால முடியும்!" சித்தப்பா துணியோடு அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார். மறுபடி தட்டு. மறுபடி ஒன்றுமில்லை. "விடாதீங்க ஐயா! நான் வேணா கால் ரெண்டையும் பிடிச்சுக்கறேன், நீங்க இன்னும் உள்ள போங்க!"

துணி கிழிகிற மாதிரி கோலய்யா வெளியே பாய்ந்தார்.

"விடுய்யா காலை! மோட்டாரையே கழட்டி வெச்சுட்டு, தட்டு தட்டுன்னா வண்டி எப்படிய்யா கிளம்பும்? நான் என்ன மந்திரவாதியா?"

கேட்டுக்கு வெளியே நின்ற பாதித் தெரு உள்ளே வந்துவிட்டது.

மேல்படியிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நீங்க யாரு?"

நான் துண்டை எடுத்து, வாளிக்குள் உட்கார்ந்திருந்தவரை வெளியே எடுத்தேன். தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். சுற்றவில்லை. அக்கா தன் ஷூவைக் கழற்றிக் குதிகாலால் ஒரு தட்டு தட்டினாள். 'விர்ர்' என்று என் காலையே உதைத்துக்கொண்டு சுற்றியது.

"கோலுக்கு இருக்கற சக்தி ஷூவுக்கும் இருக்கே!" என்றார் தையல்காரர். "இது தெரிஞ்சிருந்தா, தையல் பிரிஞ்சு வந்த சட்டைக்கெல்லாம் நானும் நிழல்னு சொல்லியிருப்பேன். மூணாவது தடவை சட்டையே எனக்கு!"

முதலில் சிரித்தது, ஏற்கெனவே வண்டியைப் பறிகொடுத்த ஒருவர். சிரிப்பு முடிந்ததும் அவர் கேட்டை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டார். கோலய்யா எந்தப் பட்டறையில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார், எதற்காகத் துரத்தினார்கள் என்பதெல்லாம் உதவியாள் வாயிலிருந்து தானாக வந்தது. விற்றது போக மிச்சமிருந்த வண்டிகளின் சாவிகளும் வந்தன. கோலை மறந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமையே கடையில் வாங்கி வைத்திருந்த புது மோட்டாரை அத்தனை பேர் முன்னாலேயே பொருத்தினோம். இந்தத் தடவை பேட்டரி ஒயரை முதலில் கழற்றினேன். அக்கா பக்கத்திலேயே நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாள். மேல் போல்ட்டை அவள்தான் முடுக்கினாள். துணி போடவில்லை. எட்டிப் பார்த்த ஒருவருக்கும் கண் போகவில்லை. அக்கா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. வண்டி கிளம்பிய சத்தத்தில் அப்பா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டார். அவருக்கு அதுவே பெரிது.

சித்தப்பா இன்னும் மாறவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாளியைக் காட்டி, "அப்போ நிழல் அந்த மோட்டார்லதான் இருந்திருக்கு. அதை வீட்டுக்குள்ள வைக்காதே" என்றார். புது மோட்டார் வாங்கினால் வண்டி கிளம்பும். மூளைக்கு அப்படி ஒரு கடை இல்லையே!

அண்ணா, நீங்கள் நிறையப் படித்தவர். நிழல் என்று யார் சொன்னாலும், தங்கை கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் துணியை ஒரு தரம் தூக்கிப் பாருங்கள். கண் போகாது. வந்தாலும் வரும்.

இன்று திங்கள். அக்கா வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கடிதத்தை முடிச்சாச்சாடா? போற வழியில போட்டுடறேன்" என்று கத்துகிறாள். இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. அணைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்! தபால் பெட்டி முன்னாலும் அணைப்பாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால் வண்டி மறுபடி கிளம்பியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உறையை ஒட்டிவிட்டேன் என்று எழுத முடியாது, ஒட்டினால் எழுத முடியாதே. இதோ ஒட்டுகிறேன்.

அன்புடன்,
தம்பி