ஈரம் உறிஞ்சும் ஆம்ப்ளிஃபயர்

அன்று காலை பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த வீட்டுக்கு எதை வாங்குவது என்பதை இனி நான்தான் முடிவு செய்வேன். வாயில் நுரை இருந்ததால் மனைவியிடம் இதை உரக்கச் சொல்ல முடியவில்லை. கொப்பளித்த பிறகு தைரியம் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஹாலில் சன்னலோரமாக இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். அவற்றுக்கு நான் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர், எப்பேர்ப்பட்ட பாடகருக்கும் ஜலதோஷம் பிடிக்க வைத்துவிடும். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் போட்டால் பாடகர் நம் எதிரில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். விலை விசாரித்தேன். அந்த விலைக்கு நிஜமாகவே ஒரு பாடகரைக் கூட்டி வந்து, எதிரில் உட்கார வைத்து, சாப்பாடும் போட்டு அனுப்பிவிடலாம்.

விலையை விடப் பெரிய தடை வீட்டிலேயே இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிறாள். தையல் அறையில் வெளிச்சம் போதாததால், துணி ஓரம் அடிக்கிற அவளுடைய ஓவர்லாக் மெஷின் சமையலறை வாசலில் குறுக்கே நிற்கிறது. அதற்கு வெளிச்சம் வரும் சன்னலோரம்தான் வேண்டுமென்று ஸ்பீக்கர் வந்த நாளிலேயே பெரிய சண்டை நடந்து, சமரசத்தில் முடிந்தது.

"இனிமே பாட்டுச் சாமான்னு ஒரு ஆணி உள்ள வந்தாலும் உங்க ஸ்பீக்கர் அந்த இடத்தைக் காலி பண்ணும். சம்மதமா?"

"சம்மதம்."

அன்றைக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

இப்படி இருக்கும்போதுதான், ரேடியோ முதல் மோட்டார் வரை ரிப்பேர் பண்ணும் கடைத்தெரு மெக்கானிக் போன் பண்ணினார். "சார், பழைய வால்வு ஆம்ப் ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்குன்னா பாதி விலை." என்னைக் கண்டால் தேய்ந்த ஸ்க்ரூவைக்கூட முழு விலைக்கு விற்கிற மனிதர் அவர். ஏன் இந்தக் கரிசனம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கடையில் அதை எரியவிட்டுக் காட்டினார். நான்கு வால்வுகளும் செக்கச்செவேலென்று சிவந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சார். ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வெந்துடும். அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான்."

"பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்."

மழை கொட்டியது. ரெயின்கோட்டை அதற்குப் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டே வீடு வந்தேன். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், அவள் வருவதற்குள் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்பது திட்டம். கதவைத் திறந்தால் எதிரில் நிற்கிறாள். கையில் ஈரத்துணி. நாற்காலி மேல் ஈரத்துணி. கொடியில் ஈரத்துணி. யூனிபார்ம் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிடுவாள், பின்னால் சுருங்கக் கூடாதே என்று. மழையில் ஒன்றும் காயவில்லை.

"என்னது அது?"

சன்னலோரத்தைப் பார்த்தேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் என்னையே நம்பி நின்றன. கொடியைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசிவிட்டது.

"ஈரம் உறிஞ்சுற மெஷின். நீ துணி காயலன்னு கஷ்டப்படுறியேன்னு..."

"எனக்காகவா வாங்கினீங்க?"

"பின்னே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறகு சிரித்தாள். மீதியும் போய்விட்டது.

"நல்லதாப் போச்சு. தையல் ரூம்ல வெச்சு இப்பவே போடுங்க."

"இப்பவேவா? மெஷின் கொஞ்சம் ஆறட்டுமே."

"இன்னும் போடவே இல்ல, அதுக்குள்ள என்ன ஆறுறது?"

என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டு போனாள். தையல் அறை மேஜையில் வைத்து, ரெயின்கோட்டை எடுத்துவிட்டு, ஒயரை ப்ளக்கில் செருகினாள். விரல் சுவிட்சுக்குப் போயிற்று. ஸ்பீக்கர் இல்லாமல்! என் கண் முன்னாலேயே டிரான்ஸ்ஃபார்மர் வேகப்போகிறது.

"தொடாதே!" என்று அலறினேன்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

"அது வந்து... வெறும் மெஷின் மட்டும் போதாது. ஈரத்தை இழுத்து அடைக்கப் பெட்டி வேணும். பெரிய பெட்டி. ரெண்டு."

"பெட்டிக்கு எங்க போறது?"

"நம்ம ஸ்பீக்கரே போதும்."

"அட! அது ஈரம்கூட இழுக்குமா?"

"நல்லா இழுக்கும்."

"அப்ப தூக்கிட்டு வாங்க."

இப்போது திரும்பிப் பார்க்கும்போது, எனக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அப்போது என் கவலையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் மேல்தான். ஒரு ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்து நகர்த்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். ஊரில் உள்ள எல்லாச் சாமான்களும் அவருக்குத் தெரியும். இன்னொன்றைத் தூக்க ஒரு கை கொடுத்தார். கொடுத்துவிட்டு மேஜையைப் பார்த்தார்.

"என்ன சார், இது வால்வு ஆம்..."

நான் இருமினேன். அவர் காலை மிதித்தேன். கண்ணைக் காட்டினேன்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். ஆள் கெட்டிக்காரர்.

"ஒண்ணுமில்லம்மா. நல்ல மெஷின். எங்க வீட்டுப் போர்வைகூட ரெண்டு காயாமக் கிடக்கு..."

"கொண்டாங்கண்ணே. அவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்."

நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நினைக்கிற நிலையில் இல்லை. ஒயர்களை மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு இருக்கிறதே, அதிலேயே ஒரு சட்டை காய்ந்திருக்கும்.

அந்த நிம்மதியோடு ஹாலுக்கு வந்தேன். சன்னலோரத்தில் ஓவர்லாக் மெஷின் நின்றது. எதிர்வீட்டுக்காரர் கைத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"இடம் சும்மாதானே கிடக்கு? அண்ணன் ஒரு கை பிடிச்சார்."

"என் ஸ்பீக்கரை எங்க வைக்கிறது?"

"எந்த ஸ்பீக்கர்? அது ஈரப் பெட்டியாச்சே. நீங்கதானே சொன்னீங்க?"

ஆம்ப்ளிஃபயர் என்று ஒப்புக்கொண்டால் ஒப்பந்தப்படி இடம் போச்சு. ஈர மெஷின் என்று சாதித்தால் இடம் ஏற்கெனவே போச்சு. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. அழுகை வந்தது. ஆண்பிள்ளை அழக் கூடாது என்பதால் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே வெந்நீர் அறை மாதிரி ஆவி. இடது ஸ்பீக்கர் மேல் நர்ஸ் கோட்டு. வலது ஸ்பீக்கர் மேல் எதிர்வீட்டுப் போர்வை. நடுவில் ஒரு ஸ்டூலில் நான். இத்தனை நாள் ஏங்கி வாங்கிய சாமான் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன்.

மனைவி இன்னொரு சுமை துணியோடு வந்தாள்.

"ஏங்க, சும்மா ஏன் உக்காந்திருக்கீங்க? ஒரு பாட்டைப் போடுங்க."

"பாட்டா? இதுலயா?"

"பின்னே? பாட்டு ஓடினா இன்னும் நல்லா சூடேறுமாம். மெக்கானிக் சொன்னார்."

"மெக்கானிக்கா! அவரை நீ எப்ப பாத்தே?"

அவள் என் தோள்மேல் ஒரு ஈரக் கால்சட்டையை விரித்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நேத்து தையல் மெஷின் மோட்டரைக் காட்டப் போனேன். 'அடுப்பு மாதிரி சூடாகுற ஒரு ஆம்ப் வந்திருக்கு, அண்ணனுக்குக் குடுக்கலாமாக்கா'ன்னு கேட்டார். மழைக்காலமாச்சே, விலையைக் குறைச்சுக் குடுங்கன்னு சொன்னேன்."